ராபின் சிங்: ஆட்டக்காரராக நினைவிருக்கிறார், ஃபீல்டிங் கோச்சாக ஏன் மறந்தோம்?

#1 கவர்பாயின்ட்

2007 டி20 உலகக்கோப்பை பற்றி எங்கே பேச்சு வந்தாலும் தோனி, யுவராஜின் ஆறு சிக்ஸர், கடைசி ஓவரில் ஜோகிந்தர் என்று மூன்று இடத்தில் நின்றுவிடுகிறோம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அணி மேலாளராகப் போன லால்சந்த் ராஜ்புத் பெயரைச் சொல்வார்கள். அந்த அணியோடு ஃபீல்டிங் கோச்சாகப் போனவர் ராபின் சிங். அவர் பெயரை யாரும் எடுப்பதே இல்லை.

ஆட்டக்காரராக அவரை எல்லோருக்கும் தெரியும். டிரினிடாடில் பிரின்சஸ் டவுனில் பிறந்தவர். 1980களில் படிக்க சென்னைக்கு வந்து, மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துக்கொண்டே இங்கே கிரிக்கெட் ஆடி, கடைசியில் இந்தியக் குடியுரிமையே வாங்கிக்கொண்டார். 1989 மார்ச்சில் முதல் ஒருநாள் ஆட்டம். அதுவும் போர்ட் ஆஃப் ஸ்பெயினில், சொந்த ஊர்க்காரர்கள் முன்னால், வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக! அந்தத் தொடரோடு ஆள் காணாமல் போனார். அடுத்த அழைப்பு வந்தது 1996இல். ஏழு வருஷம். அதற்குப் பிறகு 2001 வரை ஆடி மொத்தம் 136 ஒருநாள் ஆட்டங்கள், 2336 ரன், 69 விக்கெட்.

ஆனால் 2001க்குப் பின்னால் அவர் செய்த வேலை அதைவிட நீளமானது. ஹாங்காங் அணிக்குப் பயிற்சி, இந்திய இளையோர் அணி, இந்தியா ஏ, 2007 முதல் 2009 வரை இந்திய அணியின் ஃபீல்டிங் கோச், ஐபிஎல்லில் முதலில் டெக்கான் சார்ஜர்ஸ், அப்புறம் மும்பை இந்தியன்ஸ், பிறகு ஐக்கிய அரபு அமீரகக் கிரிக்கெட் இயக்குநர். இருபது வருஷத்துக்கு மேல்.

என் கேள்வி இதுதான். இந்தியாவில் ஃபீல்டிங் கோச் என்ற பதவிக்கு மரியாதை வந்ததில் ராபினுக்கு எவ்வளவு பங்கு? பின்னால் இந்திய ஃபீல்டிங் கோச்சான ஸ்ரீதர், திலீப் பற்றியெல்லாம் இப்போது நிறையப் பேசுகிறோம். அவர்களுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவரை ஏன் விட்டுவிட்டோம்?

#2 பட்டாபிராமன்கேட்

நல்ல இழை. 1987-88 ரஞ்சி இறுதியாட்டம் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. ரயில்வேயை வீழ்த்தி, வாசுதேவன் தலைமையில் தமிழ்நாடு இரண்டாவது முறையாகக் கோப்பை வாங்கியது. முதல் கோப்பை 1954-55இல். மூன்றாவதை இன்னும் பார்க்கவில்லை, அது வேறு சோகம். அந்த அணியில் ராபின் இருந்தார். அப்போதெல்லாம் ரஞ்சியில் ஃபீல்டிங் என்றால் கீப்பருக்குப் பக்கத்தில் ஸ்லிப்பில் நாலு பேர் கேட்ச் பிடிப்பார்கள், மற்றவர்கள் பந்து தங்களிடம் வராமல் இருந்தால் நல்லது என்று நிற்பார்கள். வேகப்பந்து வீச்சாளர் ஃபைன் லெக்கில் நின்று காலை நீட்டித் தடுப்பார். பெரியவர்கள் சிலர் பந்துக்குக் குனியவே மாட்டார்கள்.

ராபின் டைவ் அடிப்பதைப் பார்த்துக் கேலரியில் சிரித்தவர்கள் உண்டு. சட்டையில் புல் கறை படிந்தால் பையன் ஏதோ தடுக்கி விழுந்துவிட்டான் என்று நினைத்த காலம். கரீபியனில் வளர்ந்தவர் என்பதால் அவருக்கு அது சாதாரணம். லாய்டு, ரிச்சர்ட்ஸ் காலத்து வெஸ்ட் இண்டீஸ் ஃபீல்டிங்கைப் பார்த்து வளர்ந்த ஆள்.

முதல்தர ஆட்டங்களில் கிட்டத்தட்ட 7000 ரன், சராசரி 46. இவ்வளவு அடித்தவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு டெஸ்ட். 1998 அக்டோபரில் ஹராரேயில், ஜிம்பாப்வேக்கு எதிராக. அதிலும் தோற்றோம்.

#3 சந்தேகப்பிராணி

ராபின் மீது எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் இந்த இழை போகும் திசையைப் பார்த்தால் கோச்சுக்கு மாலை போடும் கூட்டம் போல இருக்கிறது.

கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்கிறேன். 2007-08இல் இந்திய ஃபீல்டிங் முன்னேறியது உண்மை. அது கோச்சால் வந்ததா, தேர்வால் வந்ததா? டி20 உலகக்கோப்பைக்கு சச்சின், கங்குலி, திராவிட் மூவருமே போகவில்லை. 2008 ஆஸ்திரேலிய முத்தரப்புத் தொடருக்கு கங்குலியையும் திராவிடையும் விட்டுவிட்டு ரோஹித், ரெய்னா மாதிரிப் பையன்களை எடுத்தார்கள். 20 வயதுப் பையன் 35 வயதுக்காரரைவிட வேகமாக ஓடுவான். இதற்குக் கோச் எதற்கு?

ஸ்லிப்பில் திராவிட் 2009இல் நியூசிலாந்தில் மார்க் வாவின் 181 கேட்ச் சாதனையைத் தாண்டினார். அப்போது ராபின்தான் ஃபீல்டிங் கோச். அதற்காக அந்தக் கேட்சுகளை ராபின் கணக்கில் எழுத முடியுமா?

#4 குட்டிக்கோச்

சந்தேகப்பிராணி அண்ணே, பாதி சரி, பாதி இல்லை. மாவட்ட அளவில் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இளைஞனைக் கொண்டுவந்து நிறுத்தினால் ஓடுவான், பாய்வான். பந்தை எடுத்த பிறகு என்ன செய்வது என்பது தானாக வராது. நம் ஊர்ப் பையன்களில் பெரும்பாலோர் பந்தைத் தடுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். தடுத்து, நிமிர்ந்து, இரண்டு அடி வைத்து, அப்புறம் எறிவார்கள். அதற்குள் ரன் முடிந்துவிடும். எடுக்கும்போதே எந்தக் கால் முன்னால் இருக்க வேண்டும், கீழே இருந்தபடியே எப்போது விட வேண்டும், எப்போது நிமிர்ந்து எறிய வேண்டும் என்று பழக்குவதற்குத்தான் ஒற்றை ஸ்டம்ப் பயிற்சி. மூன்று ஸ்டம்பை நட்டால் பையன் சோம்பேறியாகிவிடுவான், ஒன்றை மட்டும் நட வேண்டும்.

இன்னொன்று, பந்து வீச்சாளர் ஓடி வரும்போது ஆடுகளத்தைச் சுற்றிய உள்வட்டத்துக்குள் நிற்பவர்கள் கூடவே நடந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். மட்டையாளர் அடிக்கும் நொடியில் சின்னதாக ஒரு துள்ளல், இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி. டென்னிஸ் ஆட்டக்காரர்கள் சர்வீஸ் வாங்கும்போது செய்வார்களே, அதே. அந்தத் துள்ளல் சரியாக விழுந்தால் இடமோ வலமோ எந்தப் பக்கமும் கிளம்பலாம். நடந்துகொண்டே இருந்தால் ஒரு கால் மாட்டிக்கொள்ளும். தொலைக்காட்சியில் இது தெரியாது, கேமரா அப்போது மட்டையாளர் மேல் இருக்கும்.

உயரமான கேட்சுக்கு பேஸ்பால்காரர்களின் மெல்லிய ஃபங்கோ மட்டையால் அடிப்போம். சாதாரண மட்டையில் ஒவ்வொரு பந்தும் ஒரு திசைக்குப் போகும், கோச்சின் தோளும் போய்விடும். ஸ்லிப்புக்கு மட்டை விளிம்பில் தட்டிவிடுவது. அதிலும் முதல் ஸ்லிப்பில் நிற்பவர் பந்தைக் கையிலிருந்தே பார்க்க வேண்டும், இரண்டாவது, மூன்றாவதில் நிற்பவர்கள் மட்டையின் விளிம்பைப் பார்க்க வேண்டும் என்று பெரும்பாலான கோச்சுகள் சொல்வார்கள். இதில் கருத்து வேறுபாடும் உண்டு, சண்டையே போடுவார்கள்.

திராவிடுக்குக் கேட்ச் பிடிக்கக் கற்றுக்கொடுக்க ராபின் தேவையில்லைதான். ஆனால் தினமும் அவருக்கு நூற்றுக்கணக்கில் விளிம்புக் கேட்ச் தட்டிக் கொடுக்க யாராவது வேண்டும். தட்டுபவருக்கு வேகமும் கோணமும் கைவசம் இருக்க வேண்டும்.

#5 மைதானமில்லாதவன்

டைவ் அடித்தால் தடுக்கி விழுந்தான் என்று நினைத்தார்களா 😂 என் அப்பா இன்னும் அப்படித்தான் சொல்கிறார்.

#6 எண்கணக்கு

சந்தேகப்பிராணிக்குக் கொஞ்சம் தீனி போடுகிறேன். ராபின் 136 ஒருநாள் ஆட்டங்களில் பிடித்தது 30 சொச்சம் கேட்சுகள்தான். தென்னாப்பிரிக்காவின் ஜான்ட்டி ரோட்ஸ் 245 ஆட்டங்களில் 105. அசாருதீன் 334 ஆட்டங்களில் 156. கேட்ச் கணக்கை மட்டும் வைத்தால் ராபின் சாதாரண ஃபீல்டர் என்றுதான் வரும்.

ஆனால் அந்தக் கணக்கே அரைகுறை. வட்டத்துக்குள் மிட்விக்கெட்டிலும் கவரிலும் நின்று அவர் நிறுத்திய ஒற்றை ரன்களை ஸ்கோர் புத்தகம் எழுதாது. எடுக்கப்படாத ரன்னுக்குக் கட்டம் கிடையாது. ரன் அவுட்டிலும் எறிந்தவர் பெயர் மட்டையாளர் கணக்கில் ஓர் அடைப்புக்குறிக்குள் கிடக்கும், அவ்வளவுதான். இப்போது அணிகள் ஒவ்வொரு பந்துக்கும் ஃபீல்டர் எத்தனை ரன் காப்பாற்றினார், எத்தனை விட்டார் என்று குறிக்கிறார்கள். 1990களில் இந்தியாவில் யாரும் அதைப் பெரிதாகச் செய்யவில்லை. ஆகவே ராபின் எவ்வளவு காப்பாற்றினார் என்பதை நிரூபிக்க வழியில்லை, மறுக்கவும் வழியில்லை.

#7 கவர்பாயின்ட்

எண்கணக்கு சொன்னதோடு வயதையும் சேர்த்துப் பாருங்கள். என் வாதமே அதில்தான் இருக்கிறது.

ராபின் பிறந்தது 1963 செப்டம்பர் 14. 1996இல் அணிக்குத் திரும்பும்போது வயது 33. மற்றவர்கள் வட்டத்தை விட்டு ஸ்லிப்புக்கோ மிட் ஆனுக்கோ நகரும் வயதில் இவர் இந்தியாவின் முதல் இரண்டு மூன்று ஃபீல்டர்களில் ஒருவராக இருந்தார். 2000 அக்டோபரில் நைரோபியில் ஐசிசி நாக் அவுட் நடந்தது. 18 வயது யுவராஜ் சிங் அறிமுகமான தொடர். அதே அணியில் 37 வயது ராபின். இரண்டு பேரும் வட்டத்துக்குள் நின்றார்கள், வித்தியாசம் உறுத்தவில்லை.

இப்போது யோசியுங்கள். ஜான்ட்டியின் ஃபீல்டிங்கில் பெரும்பகுதி உடம்போடு வந்தது. 1992இல் பிரிஸ்பேனில் இன்சமாமை ரன் அவுட் செய்ய ஸ்டம்ப் மேல் பாய்ந்தாரே, அதை யாருக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? ராபினுடைய ஃபீல்டிங் உழைத்துச் சேர்த்தது. உடம்பைத் தயாராக வைத்திருப்பது, மட்டையாளரின் தோளையும் பிடியையும் பார்த்து அரை நொடி முன்னால் நகர்வது, எந்த வீச்சாளருக்கு எங்கே நிற்பது என்று தெரிந்து வைத்திருப்பது. 35 வயதில் வேகத்தை நம்ப முடியாது, இதைத்தான் நம்ப வேண்டும். இவை எல்லாமே இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கக்கூடியவை. அவர் கோச்சானது தற்செயல் இல்லை என்கிறேன்.

#8 லீசெஸ்டர்99

ராபின் பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். என் பயனர் பெயரைப் பார்த்தாலே காரணம் புரியும்.

1999 உலகக்கோப்பை, மே 19, லீசெஸ்டரில் ஜிம்பாப்வேக்கு எதிராக. கடைசி இரண்டு ஓவர், ஒன்பது ரன், கையில் மூன்று விக்கெட், ராபின் 35இல் ஆடிக்கொண்டிருக்கிறார். ஹென்றி ஒலோங்கா ஒரே ஓவரில் ராபின், ஸ்ரீநாத், பிரசாத் மூவரையும் தூக்கினார். மூன்று ரன்னில் தோல்வி. அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அதே கோப்பையில் டான்டனில் இலங்கைக்கு எதிராக கங்குலியும் திராவிடும் அடித்த அடியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அந்த ஆட்டத்தில் ஐந்து விக்கெட் எடுத்தவர் ராபின், 31 ரன் கொடுத்து. இவருக்கு எப்போதும் இதே கதி. டாக்கா 1998 எடுத்துக்கொள்ளுங்கள். 48 ஓவரில் 315 துரத்தினோம், பாகிஸ்தானுக்கு எதிராக. கங்குலி 124, கனித்கரின் கடைசி நான்கு, இரண்டும் ஞாபகம் இருக்கிறது. மூன்றாவதாக இறக்கிவிடப்பட்டு 82 அடித்தவர் யார்? கங்குலியோடு 179 ரன் சேர்த்தவர் யார்?

கோச்சாக மறந்தோம் என்கிறீர்கள். ஆட்டக்காரராகவே பாதிதான் நினைவு வைத்திருக்கிறோம்.

#9 சந்தேகப்பிராணி

டாக்காவை யாரும் மறக்கவில்லை லீசெஸ்டர். அழ வைக்காதீர்கள்.

கவர்பாயின்ட், உங்கள் வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படிப் பார்த்தால் உழைத்து ஃபீல்டரானவர்தான் நல்ல கோச் என்று ஆகிறது. பிறகு ஸ்ரீதரை என்ன செய்வீர்கள்? ஹைதராபாத்துக்கு ஆடிய இடக்கை சுழல், இந்தியாவுக்கு ஆடியதே இல்லை. 2014 ஆகஸ்டில் டிரெவர் பென்னி போன இடத்துக்கு வந்து 2021 வரை இருந்தார். கோலியின் அணியில் ஃபீல்டிங் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்து வந்த திலீப் முதல்தர ஆட்டம் ஒன்றுகூட ஆடாதவர். 2023 உலகக்கோப்பையில் ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் உடைமாற்றும் அறையில் பதக்கம் கொடுத்து, ஃபீல்டிங்கை ஊரே பேசும்படி செய்தார்.

ஆஸ்திரேலியாவோ மைக் யங் என்ற அமெரிக்க பேஸ்பால்காரரைக் கூட்டி வந்தது. கிரிக்கெட் ஆடியவரே இல்லை. ஆக, கோச்சின் சொந்த ஆட்டத்துக்கும் அவர் வேலைக்கும் சம்பந்தம் குறைவு.

#10 குட்டிக்கோச்

பிரமாதமான கேள்வி. என் அனுபவத்தில், கற்றுக்கொடுக்க நன்றாக ஆடியிருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் கேட்க வைக்க அது உதவும். 2007இல் இருந்த நிலையை யோசியுங்கள். உலகக்கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியேறி, கோச் கிரெக் சாப்பல் விலகி, அணி கலகலத்துக் கிடந்தது. வங்கதேசத் தொடருக்கு ரவி சாஸ்திரியை மேலாளராகவும், பந்துவீச்சுக்கு பிரசாத்தையும் ஃபீல்டிங்குக்கு ராபினையும் கூடவே அனுப்பினார்கள். அந்த அணியின் மூத்தவர்களிடம் போய் "இப்படிக் குனியுங்கள், அப்படி எறியுங்கள்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? சச்சின், கங்குலி, திராவிட் எல்லோரோடும் சேர்ந்து ஆடியவருக்கு வரும். அவர் டைவ் அடித்ததை அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள்.

திலீப் வரும்போது நிலைமை வேறு. தேசிய கிரிக்கெட் அகாடமியிலும் ஏ அணிகளிலும் பையன்களாக அவரிடம் பயின்றவர்கள்தான் இந்திய அணிக்கு வந்திருந்தார்கள். ஃபீல்டிங் கோச் சொன்னால் கேட்க வேண்டும் என்பது அதற்குள் பழக்கமாகியிருந்தது. முதலில் வந்தவருக்கு அந்த வசதி கிடையாது.

#11 மைதானமில்லாதவன்

2007இல் ஆட்டம் சமனானதும் ஸ்டம்பை மட்டும் குறி பார்த்து வீசினார்களே, அந்த பவுல் அவுட் ராபின் வேலையா? பாகிஸ்தானுக்கு எதிராக டர்பனில். சேவாக், ஹர்பஜன், உத்தப்பா மூவரும் அடித்தார்கள், அவர்களில் ஒருவரும் அடிக்கவில்லை.

#12 எண்கணக்கு

இல்லை. பவுல் அவுட்டுக்குப் பயிற்சி எடுக்க வைத்த பெருமை ராஜ்புத், பிரசாத் பக்கம்தான் போகிறது. தோனி ஸ்டம்புக்கு நேர் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்ததும் பெரிய உதவி. வீச்சாளருக்கு அவரையே குறி பார்த்தால் போதும். பாகிஸ்தான் கீப்பர் கம்ரான் அக்மல் வழக்கம்போல் தள்ளி நின்றார்.

ஒரு வேடிக்கை மட்டும் உண்டு. அந்த ஆட்டம் நடந்தது செப்டம்பர் 14. கவர்பாயின்ட் மேலே எழுதிய பிறந்த தேதியைப் பாருங்கள்.

ஃபீல்டிங் கணக்கில் சேர்க்க வேண்டுமென்றால் இரண்டு சொல்வேன். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இரண்டாவது ஸ்லிப்பில் தினேஷ் கார்த்திக் பறந்து பிடித்த கிரேம் ஸ்மித் கேட்ச். இறுதியாட்டத்தில் இம்ரான் நசீர் 14 பந்தில் 33 அடித்து ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது உத்தப்பா நேராக ஸ்டம்பை அடித்துச் செய்த ரன் அவுட். ஐந்து ரன்னில் ஜெயித்த ஆட்டம் அது. நசீர் இன்னும் மூன்று ஓவர் நின்றிருந்தால் கடைசி ஓவரில் மிஸ்பா அவுட்டான ஸ்கூப்புக்கு வேலையே இருந்திருக்காது.

#13 பட்டாபிராமன்கேட்

அந்த ரன் அவுட்! மிஸ்பாவை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், நசீரை யாரும் சொல்வதில்லை.

தம்பிகளா, பழையதையும் மறக்காதீர்கள். கோச் இல்லாத காலத்தில் ஏக்நாத் சோல்கர் ஷார்ட் லெக்கில் ஹெல்மெட் இல்லாமல் நின்று 27 டெஸ்டில் 53 கேட்ச் பிடித்தார். அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? நம் வெங்கட்ராகவனும் அருகில் நின்று பிடிப்பதில் சூரர். இந்தியாவில் நெருங்கி நின்று கேட்ச் பிடிப்பவர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. சுழல் நம்முடைய ஆயுதம், ஆகவே அது தேவைப்பட்டது. தரையில் ஓடித் தடுப்பதுதான் நமக்கு வராமல் இருந்தது. நம் மைதானங்களின் தரையும் ஒரு காரணம். கட்டாந்தரையில் டைவ் அடித்தால் முழங்கைத் தோல் போகும். பசும்புல் மைதானங்கள் பரவலாக வந்த பிறகுதான் சின்னப் பையன்களும் பாய ஆரம்பித்தார்கள்.

#14 சந்தேகப்பிராணி

இது பாயின்ட். கோச்சைவிடப் புல்லுக்குப் பங்கு அதிகம்.

#15 கவர்பாயின்ட்

புல் 2009க்குப் பிறகும் இருந்தது, கோச் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

2009 சாம்பியன்ஸ் டிராபியில் முதல் சுற்றில் வெளியேறினோம். அக்டோபரில் பிரசாத், ராபின் இருவரையும் ஒரே நேரத்தில் விலக்கினார்கள். டிசம்பரில் இந்தியா டெஸ்ட் தரவரிசையில் முதல் இடம். அந்த இடத்துக்கு ஏறியதில் 2007 இங்கிலாந்துத் தொடர் வெற்றி, 2008 பெர்த் வெற்றி எல்லாம் சேர்ந்திருந்தன. அந்த இரண்டு வருஷமும் கூடவே இருந்தவர் மாலை விழும்போது இல்லை. அந்த நேரம்தான் அவர் கோச்சாக மறக்கப்பட்டதற்கு முதல் காரணம் என்று நினைக்கிறேன். 2011 உலகக்கோப்பை வந்ததும் தலைமைக் கோச் கேரி கர்ஸ்டன் பெயர் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

இரண்டாவது காரணம், ஐபிஎல்லில் அவர் அந்தப் பெயரையே விட்டுவிட்டார். 2010இல் இருந்து மும்பை இந்தியன்ஸ் தலைமைக் கோச். அங்கே ஃபீல்டிங்குக்கு யார் இருந்தார்? ஜான்ட்டி ரோட்ஸ்! அப்புறம் ராபின் பேட்டிங் பக்கம் போனார். 2011 சாம்பியன்ஸ் லீகில் மும்பை கோப்பை வாங்கியது சேப்பாக்கத்தில். 139 மட்டும் எடுத்து, பெங்களூரை 108க்குள் சுருட்டினார்கள். தான் ரஞ்சி ஜெயித்த அதே மைதானத்தில் இன்னொரு ஊர் அணிக்குக் கோச்சாகக் கோப்பை.

#16 பட்டாபிராமன்கேட்

அதற்கு முந்தின வருஷம் இதே மும்பையை ஐபிஎல் இறுதியாட்டத்தில் சென்னை அடித்ததையும் எழுதுங்கள் தம்பி. கணக்கு சமமாக இருக்கட்டும்.

#17 லீசெஸ்டர்99

அமீரகக் கதையையும் சேர்க்கலாம். 2020இல் அங்கே கிரிக்கெட் இயக்குநராகப் போனார். அப்போது அந்த அணி சூதாட்டப் புகார்களில் சிக்கிச் சின்னாபின்னமாகி இருந்தது. புதுப் பையன்களை வைத்துக் கட்டி, 2022 டி20 உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். ஜீலாங்கில் இலங்கைக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தாரே கார்த்திக் மெய்யப்பன், சென்னையில் பிறந்த பையன். வெளிநாட்டில் பிறந்து சென்னை வழியாக இந்தியாவுக்கு ஆடியவர், சென்னையில் பிறந்து வேறு நாட்டுக்கு ஆடியவருக்கு மேலே இருந்து வழிநடத்தினார்.

#18 எண்கணக்கு

அந்தத் தொடரில் நமீபியாவையும் வென்றார்கள். உலகக்கோப்பை டி20இல் அமீரகத்தின் முதல் வெற்றி அது.

#19 மட்டுறுத்துநர்

சென்னை, மும்பை ஐபிஎல் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது. அது தொடர்பான நான்கு பதிவுகளை அங்கே நகர்த்திவிட்டேன். இங்கே ஃபீல்டிங் மட்டும்.

#20 சந்தேகப்பிராணி

குட்டிக்கோச்சிடம் ஒரு நடைமுறைக் கேள்வி. இந்திய அணியோடு போகும் ஃபீல்டிங் கோச்சுக்குத் தொடரின் நடுவில் எவ்வளவு நேரம் கிடைத்துவிடும்? ஆட்டம், பயணம், ஓய்வு, மறுபடி ஆட்டம். புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க முடியாது என்றுதான் தோன்றுகிறது.

#21 குட்டிக்கோச்

உண்மை. தொடர் நடக்கும்போது யாருடைய எறியும் முறையையும் மாற்றக் கூடாது, மாற்றினால் தோள் போகும். அதெல்லாம் அகாடமியிலும் மாநில அணியிலும் நடக்க வேண்டியவை. அணியோடு போகிறவர் செய்வது வேறு. அந்த மைதானத்தில் வெளிச்சம் எப்படி, பந்து எந்தக் கூரைக்கு எதிரே மறையும், காற்று எந்தப் பக்கம், பனி எப்போது இறங்கும் என்று முந்தின நாளே பார்த்து அதற்கேற்ப கேட்ச் கொடுப்பார். பனி இருந்தால் பந்தை நனைத்துக் கொடுப்பார்கள். யாரை எங்கே நிறுத்துவது என்று கேப்டனோடு உட்கார்ந்து பேசுவார். இடப்பக்கம் நன்றாகப் பாய்கிறவனை வலப்பக்கம் பந்து அதிகம் வரும் இடத்தில் நிறுத்தி வீணாக்காமல் பார்த்துக்கொள்வார். இந்த வேலைக்கு ஆட்டத்தைப் படிக்கிற கண் வேண்டும். ராபினிடம் அது இருந்தது என்பது கவர்பாயின்ட்டின் கட்சி, எனக்கும் சம்மதம்.

கேட்ச் விட்டவனைக் கவனிப்பது தனி வேலை. அடுத்த பந்தும் அவனிடமே வரலாம். ஆட்டம் முடிந்து எல்லோரும் உள்ளே போன பிறகு அவனை மட்டும் அழைத்து இருபது கேட்ச் கொடுத்து, கடைசிப் பந்தை அவன் பிடித்த பிறகே அனுப்புவேன். தவறவிட்டதோடு தூங்கப் போகக் கூடாது.

எல்லைக்கோட்டுப் பக்கம் இப்போது வேறு பாடம். கயிற்றுக்கு வெளியே போய்க் காற்றில் இருந்தபடியே இரண்டு மூன்று முறை தட்டி உள்ளே கொண்டுவருவதை 2025இல் கட்டுப்படுத்திவிட்டார்கள். வெளியே போன பிறகு காற்றில் ஒரு முறைதான் தொடலாம், பிறகு உள்ளே வந்துதான் விழ வேண்டும். பழகிய கால்களை மறுபடி மாற்ற வேண்டியிருக்கிறது.

#22 சந்தேகப்பிராணி

சரி, கண் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். 2007 மாற்றத்தில் முக்கால் பங்கு தேர்வு, கால் பங்கு ராபின். இதற்கு மேல் இறங்க மாட்டேன்.

#23 கவர்பாயின்ட்

கால் பங்கா! பூஜ்யத்தில் தொடங்கியவரிடமிருந்து இதுவே பெரிது. ஸ்ரீதருக்குத் தனி இழை போடலாம் என்று இருக்கிறேன். கோலி காலத்து ஸ்லிப் வரிசையைப் பற்றி அங்கே அடித்துக்கொள்வோம், எண்கணக்கு புள்ளிவிவரத்தோடு வரவும்.

#24 எண்கணக்கு

வருகிறேன். விட்ட கேட்சுகளின் பட்டியலோடு.